பாமரர் கேட்கும் பௌதிகக் கேள்விகள்

கடல் ஏன் நீலமாக இருக்கிறது என்று கேட்டால், வானத்தின் நிறம் அதில் தெறிக்கிறது என்பதே பெரும்பாலோர் சொல்லும் விடை. பெரிய விஞ்ஞானியான றேலிப் பிரபுவும் அப்படித்தான் கருதினார். யாழ்ப்பாணப் பட்டினத்திலிருந்து மண்டைதீவுக்குப் போகிற எவரும் அந்த விடையைத் தம் கண்ணாலேயே சோதித்துப் பார்க்கலாம். பண்ணைத் தாம்போதியின் இரு பக்கமும் கிடக்கும் பரவைக்கடல் ஆழம் குறைந்தது. சேறும் சாதாழையும் கலந்த அந்தத் தண்ணீர் பச்சையாகவோ மண்ணிறமாகவோ இருக்கும். தீவுகளைக் கடந்து ஆழங் கூடக் கூட நீலம் ஏறும். இரண்டுக்கும் மேலே இருப்பது ஒரே வானம். நிறம் வானத்திலிருந்து மட்டும் வருவதானால் இந்த வித்தியாசம் வந்திருக்கக் கூடாது.

திருச்சிராப்பள்ளியில் 1888இல் பிறந்த சி. வி. இராமன், 1921இல் இங்கிலாந்திலிருந்து நர்குண்டா என்ற கப்பலில் திரும்பி வந்தபோது இதே கேள்வியைக் கையிலெடுத்தார். கடல் மேற்பரப்பில் குறித்த ஒரு கோணத்தில் தெறிக்கும் ஒளி முனைவாக்கம் அடைந்திருக்கும். நிக்கோல் அரியம் ஒன்றினூடாகப் பார்த்து, அரியத்தைத் தக்கபடி திருப்பினால் அந்தத் தெறிப்பை நீக்கிவிடலாம். இராமன் நீக்கிப் பார்த்தார். நீலம் மறையவில்லை, முன்னையிலும் அடர்த்தியாகத் தெரிந்தது. ஆகவே நிறம் தண்ணீருக்குள்ளிருந்தே வருகிறது. நீர் மூலக்கூறுகள் சிவப்பு ஒளியைச் சிறிது சிறிதாக உறிஞ்சிவிடுகின்றன. எஞ்சிய நீலம் சிதறி மேலே வருகிறது. இராமன் சிதறலையே பிரதானமாகக் கொண்டார். உறிஞ்சலின் பங்கு பெரிது என்பது பின்னர் தெளிவாயிற்று.

கப்பலில் எழுந்த கேள்வி கரையில் இறங்கியதோடு முடியவில்லை. திரவங்களில் ஒளி சிதறும் விதத்தை இராமன் கொல்கத்தாவில் ஆண்டுக்கணக்காக ஆராய்ந்தார். 1928 பெப்ரவரி 28ஆம் திகதி, கே. எஸ். கிருஷ்ணனோடு சேர்ந்து செய்த ஆய்வின் முடிவு உறுதியாயிற்று: சிதறிய ஒளியில் மிகச் சிறு பங்கு, விழுந்த ஒளியின் மீடிறனை விட்டு வேறு மீடிறனில் வெளிவருகிறது. ஒளி தன் சக்தியைச் சொட்டுச் சொட்டாகவே கொடுத்து வாங்குகிறது என்று கொண்டால் இது எளிதில் விளங்கும். ஒரு சொட்டு, மூலக்கூறுக்குக் கொஞ்சம் சக்தியைக் கொடுத்துவிட்டால் மீடிறன் குறைந்து வரும். ஏற்கெனவே அதிர்ந்துகொண்டிருக்கும் மூலக்கூறிடமிருந்து வாங்கினால் கூடி வரும். அப்படி அதிரும் மூலக்கூறுகள் எண்ணிக்கையில் குறைவு. அதனால் கூடிய பக்கத்துக் கோடு மங்கலாக இருக்கும். அளவிலும் அப்படியே கண்டார்கள். 1930இல் நோபல் பரிசு கிடைத்தது.

சொட்டுப் பௌதிகம், சார்புக் கொள்கை, அண்டவியல் என்று இன்று பெரிய பெயர்களால் சுட்டப்படும் துறைகளைப் பற்றிப் பாடசாலைக் கணிதத்துக்கு மேல் படியாதவர்கள் கேட்கும் கேள்விகளும் இத்தகையவைதான். நேரம் உண்மையாகவே மெதுவாகுமா, அண்டத்துக்கு நடு எங்கே, பார்க்காதபோது பொருள் இருக்கிறதா என்று அவர்கள் கேட்கிறார்கள். இவை சின்னக் கேள்விகள் அல்ல. இந்தத் துறைகளைக் கட்டியவர்களே தங்களைக் கேட்டுக்கொண்டவை. ஒவ்வொரு கேள்விக்குள்ளும், கேட்பவர் அறியாமலே, ஓர் எடுகோள் ஒளிந்திருக்கும். அதை வெளியே எடுத்துக் காட்டுவதே விடையின் பெரும்பகுதி. அதைச் செய்யாமல் சமன்பாட்டை மட்டும் நீட்டினால் கேட்டவருக்குப் பயனில்லை.

இலத்திரன் ஏன் கருவுக்குள் விழுந்துவிடுவதில்லை என்பது உயர்தர வகுப்பு மாணவர் பலருக்கு எழுகிற கேள்வி. அணுவின் நடுவே நேரேற்றமுள்ள கரு உண்டென்று றதபோட் 1911இல் காட்டினார். எதிரேற்றமுள்ள இலத்திரனைக் கரு இழுக்கிறது. கோள் சூரியனைச் சுற்றுவதுபோல இலத்திரன் சுற்றுகிறது என்று வைத்தால், ஆர்முடுகும் ஏற்றம் ஒளியை வீச வேண்டும் என்ற விதி குறுக்கே வருகிறது. ஒளி வீச வீசச் சக்தி குறையும், பாதை சுருங்கும். கணக்கிட்டுப் பார்த்தால், ஒரு செக்கனைப் பத்தாயிரம் கோடி கூறாக்கினால் வரும் கூறில் ஏறக்குறைய ஒன்றரை அளவுக்குள் ஐதரசன் அணு அழிந்துவிட வேண்டும். மண்ணும் கடலும் மனிதரும் இருப்பதே அந்தக் கணக்குப் பிழை என்பதற்குச் சான்று.

இந்தக் கேள்வியில் யாழ்ப்பாணத்தவர் ஒருவரின் பெயர் நிலைத்திருக்கிறது. பருத்தித்துறை ஹாட்லிக் கல்லூரியில் படித்த கிறிஸ்ரி ஜெயரத்தினம் எலியேசர் (1918–2001), கேம்பிறிஜ்ஜில் போல் டிராக்கின் மாணவர். ஒளி வீசும்போது இலத்திரன் தன்மீதே உணரும் எதிர்த்தாக்கத்தையும் சேர்த்து டிராக் 1938இல் ஒரு சமன்பாடு அமைத்திருந்தார். சொட்டுக் கொள்கையைத் தொடாத, பழைய மின்னியலின் மிகத் திருத்தமான வடிவம் அது. ஐதரசன் அணுவுக்கு அதைப் பயன்படுத்தினால் என்ன நடக்கும் என்று எலியேசர் ஆராய்ந்து 1943இல் வெளியிட்டார். நேர்கோட்டில் கருவை நோக்கிப் போகும் இலத்திரன் கருவை அடைவதே இல்லை. இடையில் திரும்பி, வேகம் ஏறிக்கொண்டே வெளியே ஓடிவிடுகிறது. இழுக்கும் கருவை விட்டு அது விலகி ஓடுகிறது என்பதுதான் வியப்பு. விழுந்து அழியும் என்ற முடிவு எவ்வளவு ஒவ்வாததோ, காரணமின்றி ஓடிப்போகும் என்ற முடிவும் அவ்வளவு ஒவ்வாதது. பழைய மின்னியலை எவ்வளவு செப்பம் செய்தாலும் அணுவை அதனால் விளக்க முடியாது என்பதை இவ்வளவு கூர்மையாகக் காட்டிய முடிவுகள் சிலவே. எலியேசர் பின்னர் இலங்கைப் பல்கலைக்கழகத்திலும் மலாயாப் பல்கலைக்கழகத்திலும் கணிதப் பேராசிரியராக இருந்து, மெல்பேணில் லா றோப் பல்கலைக்கழகத்தில் பணியாற்றினார். ஈழத்துத் தமிழ்ப் பாடநூல்களில் அவருக்கு இருக்க வேண்டிய இடம் பெரிது.

கேள்விக்குள் ஒளிந்திருந்த எடுகோள், இலத்திரனுக்கு ஒவ்வொரு கணமும் ஓர் இடமும் ஒரு வேகமும் சேர்ந்தே உண்டு என்பது. சொட்டுக் கொள்கையில் அப்படி இல்லை. இலத்திரனைச் சிறிய இடத்துக்குள் நெருக்க நெருக்க, அதன் உந்தம் பரந்துபோகிறது. இயக்கச் சக்தி ஏறுகிறது. ஆரையைப் பாதியாக்கினால் கருவின் இழுவையால் வரும் இலாபம் இரட்டிக்கும். நெருக்குவதற்குக் கொடுக்க வேண்டிய இயக்கச் சக்தி நான்கு மடங்காகும். ஓரிடத்தில் இலாபமும் செலவும் சமப்பட்டு நிற்கின்றன. அந்த ஆரை ஒரு மில்லிமீற்றரின் இரண்டு கோடியில் ஒரு பங்களவு. ஐதரசன் அணுவின் பருமன் அதுவே. அதற்குக் கீழே இறங்க வேறு நிலை இல்லை. ஆகவே வீசுவதற்கு ஒளியும் இல்லை.

பார்க்காதபோது பொருள் இருக்கிறதா என்ற கேள்வியில் இருக்கும் எடுகோள், பார்ப்பதற்கு மனமுள்ள ஒருவர் வேண்டும் என்பது. இது பெரும் குழப்பத்துக்குக் காரணமாயிற்று. வியன்னாவில் 60 காபன் அணுக்கள் கொண்ட மூலக்கூறுகளைப் பல நுண்ணிய பிளவுகளினூடாக அனுப்பி, அவை அலைபோலத் தலையிட்டுக் கோலம் காட்டுவதை 1999இல் கண்டார்கள். 2004இல் 70 காபன் அணுக்கள் கொண்ட மூலக்கூறுகளைச் சூடாக்கி அனுப்பியபோது, சூடு ஏற ஏறக் கோலம் மங்கி அழிந்தது. சூடான மூலக்கூறு தானே வெப்ப ஒளியை வீசுகிறது. அந்த ஒளி அது எங்கே இருந்தது என்ற தகவலை வெளியே கொண்டுபோய்விடுகிறது. அந்த ஒளியை யாரும் பார்க்கவில்லை. பார்க்கத் தேவையும் இல்லை. தகவல் சுற்றாடலுக்குக் கசிந்தாலே போதும். நிலாவின் தகவல் சூரிய ஒளியினூடாக ஓயாமல் கசிந்துகொண்டிருக்கிறது. ஆளில்லாத இரவிலும் அது தன்னிடத்திலேயே இருக்கும்.

பின்னிப்பிணைந்த இரு துகள்களால் ஒளியை முந்திச் செய்தி அனுப்பலாமா என்றும் பலர் கேட்பார்கள். முடியாது. இரு பக்கத்து முடிவுகளும் பொருந்துகின்றன. ஆனால் எந்தப் பக்கத்திலும் எந்த முடிவு வரும் என்பதை யாரும் தெரிவுசெய்ய முடியாது. ஜோன் பெல் 1964இல் வகுத்த சோதனையைச் செய்துகாட்டிய அலன் அஸ்பே, ஜோன் குளோசர், அன்ரன் சைலிங்கர் ஆகிய மூவருக்கும் 2022இல் நோபல் பரிசு கிடைத்தது.

நேரம் உண்மையாகவே மெதுவாகுமா, அல்லது அப்படித் தோன்றுகிறதா? இதற்கான விடை தீவகத்துக் கடற்றொழிலாளரின் கையில் இருக்கிறது. படகில் வைத்திருக்கும் ஜி.பி.எஸ். கருவி, தரையிலிருந்து ஏறக்குறைய 20,200 கிலோமீற்றர் உயரத்தில் சுற்றும் செய்மதிகளின் கடிகாரங்களை நம்பியே இடத்தைச் சொல்கிறது. செய்மதி செக்கனுக்கு ஏறக்குறைய 3.9 கிலோமீற்றர் வேகத்தில் ஓடுவதால் அதன் கடிகாரம் நாளொன்றுக்கு 7 மைக்குரோசெக்கன் பிந்தும். புவியீர்ப்புக் குறைந்த உயரத்தில் இருப்பதால் 45 மைக்குரோசெக்கன் முந்தும். தேறுவது 38 மைக்குரோசெக்கன் முந்தல். அந்த நேரத்துக்குள் ஒளி 11 கிலோமீற்றர் போய்விடும்.

இதை நம்பாதவர்கள் பொறியியலாளர்களிடையேயும் இருந்தார்கள். 1977இல் ஏவிய என்.ரி.எஸ்.-2 செய்மதியில் திருத்தத்தை வேண்டும்போது தொடக்கக்கூடிய ஏற்பாட்டை வைத்து, முதல் 20 நாட்கள் திருத்தமில்லாமல் ஓடவிட்டார்கள். கடிகாரம் இலட்சங்கோடியில் 442.5 பங்கு வேகமாக ஓடிற்று. சார்புக் கொள்கை சொன்ன அளவு 446.5. இதன் பிறகு, செய்மதிக் கடிகாரத்தை ஏவும் முன்பே அந்த அளவுக்கு மெதுவாக்கி வைப்பது வழக்கமாயிற்று. செய்மதியின் பாதை சரியான வட்டமாக இல்லாததால் வரும் சிறு வேறுபாட்டைக் கையிலுள்ள கருவியே கணக்கிட்டுத் திருத்துகிறது. அதை விட்டால் இடம் பல மீற்றர் பிசகும். ஆகவே மெதுவாவது தோற்றமன்று. எல்லாருக்கும் பொதுவாக ஓடும் ஒரே நேரம் உண்டு என்ற எடுகோள்தான் போய்விடுகிறது.

உயரத்தின் பங்கை அறியச் செய்மதிக்குப் போகவும் வேண்டியதில்லை. 2010இல் அமெரிக்க ஆய்வாளர்கள் ஓர் அணுக்கடிகாரத்தை 33 சென்ரிமீற்றர் உயர்த்தி, அது வேகமாக ஓடுவதை அளந்தார்கள். 20 மீற்றர்ப் பனையொன்றின் வட்டில் ஒரு கடிகாரத்தையும் அடியில் ஒன்றையும் வைத்தால், ஓராண்டில் மேலுள்ளது செக்கனின் ஒன்றரைக் கோடியில் ஒரு பங்கு முந்தியிருக்கும்.

ஈர்ப்பு நேரத்தை மாற்றுவதுபோல ஒளியின் பாதையையும் வளைக்கிறது. சூரியனை உரசி வரும் நட்சத்திர ஒளி, ஒரு பாகையை 3,600 கூறாக்கினால் வருவதில் 1.75 கூறு திரும்பும் என்று ஐன்ஸ்ரைன் 1915இல் கணித்தார். 1919 மே 29 முழுக் கிரகணத்தில் எடிங்டனின் குழுவும் பிரேசிலுக்குப் போன குழுவும் அதை அளந்தன. 1922இல் அவுஸ்திரேலியாவின் வொலாலில் நடந்த கிரகணத்துக்குக் கொடைக்கானல் வானாய்வகத்தின் இயக்குநர் ஜோன் எவர்ஷெட் போனார். கருவிக் கோளாறால் அவருக்குப் பயன் கிடைக்கவில்லை; அமெரிக்க லிக் ஆய்வகத்தின் குழு அதே இடத்தில் நல்ல அளவீட்டைப் பெற்றது. 1955 யூன் 20 முழுக் கிரகணத்தின் நிழல் இலங்கை மேல் சென்றபோது வெளிநாட்டுக் குழுக்கள் கருவிகளோடு வந்தன. முகில் பெரும்பாலான வேலையைக் கெடுத்தது.

2010 தைப்பொங்கலுக்கு மறுநாள், சனவரி 15ஆம் திகதி, யாழ்ப்பாணத்திலும் தீவுகளிலும் சூரியன் ஏறக்குறைய பத்து நிமிடம் வளையமாக நின்றது. 2019 திசம்பர் 26ஆம் திகதியும் வளையம் தெரிந்தது. இவ்வளவு நீண்ட கிரகணத்தில் ஐன்ஸ்ரைனின் சோதனையை ஏன் செய்யக்கூடாது என்பது நியாயமான கேள்வி. கிரகணத்தின் நீளம் போதாது, இருட்டு வேண்டும். வளையக் கிரகணத்தில் சந்திரன் தூரத்தில் இருப்பதால் சூரியத் தட்டை முழுக்க மறைக்காது. 2010இல் தட்டின் ஏறக்குறைய 15 வீதம் வெளியே நின்றது. பக்கத்து நட்சத்திரங்களை மறைக்க அந்த வெளிச்சம் தாராளமாகப் போதும்.

சூரியன் ஒருநாள் கருந்துளையாகிப் பூமியை விழுங்குமா என்ற பயத்துக்கு விடை சொன்ன கணக்கும் ஒரு கப்பலில்தான் பிறந்தது. சென்னை மாநிலக் கல்லூரியில் படித்த சுப்பிரமணியன் சந்திரசேகர் 1930இல் 19 வயதில் இங்கிலாந்துக்குக் கப்பலேறினார். எரிபொருள் தீர்ந்து வெண்குறளியாகச் சுருங்கிய நட்சத்திரத்தை, நெருங்க மறுக்கும் இலத்திரன்களின் அமுக்கமே தாங்கி நிற்கிறது. திணிவு கூடினால் அந்த இலத்திரன்களின் வேகம் ஒளியின் வேகத்தை நெருங்கும். அங்கே சார்புக் கொள்கையைச் சேர்க்க வேண்டும் என்று அவர் கண்டார். சேர்த்ததும் ஓர் எல்லை வந்தது. இன்றைய கணக்கில் அது சூரியத் திணிவின் ஏறக்குறைய 1.4 மடங்கு. அதற்கு மேற்பட்ட வெண்குறளி நிலைக்காது. 1935 சனவரியில் இலண்டனில் எடிங்டன் இதை வெளிப்படையாக மறுத்தார். சார்புக் கொள்கையை உலகுக்கு நிறுவிக் காட்டியவரே அதன் ஒரு விளைவை ஏற்க மறுத்தது, ஓர் இளைஞருக்கு எவ்வளவு பாரமாக இருந்திருக்கும் என்று எண்ணாமல் இருக்க முடியாது. 1983இல் நோபல் பரிசு வந்தது.

சூரியன் அந்த எல்லைக்குக் கீழே இருப்பதால் வெண்குறளியாகவே முடியும். ஒரு பேச்சுக்கு அது அதே திணிவோடு 3 கிலோமீற்றர் ஆரையுள்ள கருந்துளையாக மாறினாலும், பூமி இப்போதுள்ள பாதையிலேயே சுற்றும். கருந்துளை எல்லாவற்றையும் இழுத்து உறிஞ்சும் என்பது இங்கே ஒளிந்திருந்த எடுகோள். தூரத்தில் அதன் ஈர்ப்பு, அதே திணிவுள்ள வேறெந்தப் பொருளின் ஈர்ப்பையும் போன்றதே.

இரவு ஏன் இருட்டு என்பது எல்லாவற்றிலும் எளிய கேள்வி. வெளிச்சம் குறைந்த நெடுந்தீவுக் கரையில் நின்று அண்ணாந்து பார்ப்பவருக்கு அது கட்டாயம் எழ வேண்டும். அண்டம் எல்லையின்றிப் பரந்து, எக்காலமும் இப்படியே இருந்ததென்றால், பார்க்கும் ஒவ்வொரு திசையிலும் பார்வை ஏதோவொரு நட்சத்திரத்தில் முட்ட வேண்டும். இரவு வானம் சூரியத் தட்டைப்போல் எரிய வேண்டும். எரியவில்லை. ஆகவே எக்காலமும் இப்படியே என்ற எடுகோள் தவறு. அண்டத்துக்கு வயது உண்டு: ஏறக்குறைய 1,380 கோடி ஆண்டுகள். அதற்கப்பாலுள்ள ஒளி வந்துசேர இன்னும் நேரம் போதவில்லை. தொடக்கத்து வெப்ப ஒளியும் அண்டம் விரிந்ததால் நீண்டு, கண்ணுக்குத் தெரியாத நுண்ணலையாகிவிட்டது. 1964இல் பென்சியாசும் வில்சனும் தங்கள் அலைவாங்கியில் நீக்க முடியாத இரைச்சலாகக் கண்டது அதையே. தனிப்பூச்சியத்துக்கு மேல் 2.7 பாகை வெப்பநிலையோடு எல்லாத் திசையிலிருந்தும் அது வருகிறது.

எல்லாத் திசையிலிருந்தும் என்றால் பெருவெடிப்பு எங்கே நடந்தது? வெற்றிடத்தின் ஓரிடத்தில் குண்டு வெடித்தது என்ற படமே இங்குள்ள எடுகோள். இழுபடக்கூடிய நூலால் முடிந்த, கரையில்லாத ஒரு வலையை எண்ணிக்கொள்ளலாம். வலை எங்கும் ஒரே சீராக இழுபட்டால், எந்த முடிச்சிலிருந்து பார்த்தாலும் மற்ற முடிச்சுகள் விலகும். தூரத்து முடிச்சு கூடிய வேகத்தில் விலகும். நடுமுடிச்சு என்று ஒன்று இல்லை. லெமேத்ர் 1927இலும் ஹபிள் 1929இலும் எழுதிய விதி இதுவே. அண்டம் வேறொன்றுக்குள் விரியவில்லை. விண்மீன் கூட்டங்களுக்கு இடைப்பட்ட தூரம் வளர்கிறது. அந்த வளர்ச்சியால் மிகத் தூரத்துக் கூட்டங்கள் ஒளியை முந்திய வேகத்தில் விலகலாம். ஒளி வேகம் என்ற எல்லை, ஓரிடத்தில் ஒன்றையொன்று கடக்கும் பொருள்களுக்கே உரியது. 1,380 கோடி ஆண்டு வயதுள்ள அண்டத்தில் காணக்கூடிய எல்லை 4,600 கோடி ஒளியாண்டாக இருப்பதும் இதனால்தான்.

பெருவெடிப்புக்கு முன் என்ன இருந்தது என்ற கேள்விக்கு இன்னும் விடையில்லை. பின்னோக்கிப் போகப் போக அடர்த்தியும் வெப்பமும் ஏறி, ஐன்ஸ்ரைனின் ஈர்ப்பும் சொட்டுக் கொள்கையும் ஒருங்கே வேண்டிய நிலை வருகிறது. இரண்டையும் இணைத்துச் சோதனையில் நிலைநின்ற கொள்கை எதுவும் இல்லை. அண்மைக் காலத்து விரிவை அளப்பதிலும் ஒரு முரண்பாடு இருக்கிறது. 32.6 இலட்சம் ஒளியாண்டுத் தூரத்துக்குச் செக்கனுக்கு 67 கிலோமீற்றர் என்பது, தொடக்க ஒளியிலிருந்து கணித்த விரிவு வேகம். வெடித்த நட்சத்திரங்களையும் துடிக்கும் நட்சத்திரங்களையும் கொண்டு அளந்தால் 73 வருகிறது. அளவீட்டில் வழு இருக்கலாம். அல்லது கணக்கிட்டவர்களின் கேள்விக்குள்ளேயே இன்னும் பிடிபடாத ஓர் எடுகோள் இருக்கலாம்.